ப்ளாங்க் கழிக்காத கணக்கு

12-7-94, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மாரிக்குப்பம் பாசஞ்சர் இருபது நிமிடம் தாமதம். தொம்மலூர் லேபில் ரத்தம் கொடுக்க வாசல் வரை வரிசை.

17-ஆம் நம்பர், ஈஜிபுரா சாந்தி, வயது 26. தைராய்டு ஹார்மோன், T4 பார்க்க. ஊசி போடவிடாமல் கை நடுங்குகிறது. கூட வந்த மாமியார்: "வேலை சொன்னாதாம்மா இந்த நடுக்கம். எல்லாம் நடிப்பு." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

13, புதன்

கதிரியக்கம் எண்ணும் கவுன்ட்டரில் ட்யூபுக்கு ஒரு நிமிடம். ஆன்டிபாடி போடாத வெறும் ட்யூப், ப்ளாங்க், எப்போதும் கடைசி. அதற்குள் ஐந்தரை. உடன் வேலை செய்யும் மஞ்சுளாவை அதை எண்ணச் சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓட்டம். சாம்பிள்களின் பிடிப்பு விழுக்காடெல்லாம் ரயிலில், மடியில் கால்குலேட்டர். எதிர் சீட் மேரியக்கா: "இவ்ளோ நம்பர் எழுதுறியே, எது அடிக்கும்னு சொல்லு, லாட்டரி வாங்கறேன்."

14, வியாழன்

வெயில். மஞ்சுளா எண்ணி வைத்த ப்ளாங்கைக் கழித்து, அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு ட்யூப்களுக்குக் கோடு போட்டாயிற்று. அழகாக விழுந்தது. சரிபார்க்க வைக்கும் ஹை கன்ட்ரோல் சாம்பிள் கொஞ்சம் கம்மி, பரவாயில்லை.

17: பிடிப்பு 28%, T4 11.6. பன்னிரண்டு வரை நார்மல். ரிப்போர்ட் வாங்கிய மாமியார், "நான் சொல்லல?" என்றாள். சாந்தி தரையைப் பார்த்தபடி போனாள்.

வாங்க: க்ராஃப் தாள், அப்பாவுக்கு இருமல் மருந்து.

15, வெள்ளி

ஃபைல் கட்டும்போது கண்ணில் பட்டது. ஸ்டாண்டர்டில் ப்ளாங்க் கழித்திருக்கிறேன். ரயிலில் போட்ட சாம்பிளில் இல்லை. ஐயோ!

ட்யூப் சுவரில் சும்மா ஒட்டிய கதிரியக்கத்தையும் ஆன்டிபாடி பிடித்ததாகக் கணக்கில் சேர்த்துவிட்டேன். பிடிப்பு அதிகம் என்றால் ரத்தத்தில் ஹார்மோன் கம்மி என்று அர்த்தம். அப்படித்தான் எல்லாம் கம்மியாகக் காட்டியிருக்கிறது.

திரும்பப் போட்டேன். 4500-இல் 900 போக 3600. வகுக்கும் 16100-இலும் 900 போக 15200. 24%. T4 14.5.

மற்றவர்களுக்கு எண் மாறியதே தவிர நார்மல்தான். சாந்திக்கு மட்டும் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது; அந்த நடுக்கம் நிஜமாகவே நோய். அவளை நடிப்புக்காரி ஆக்கியது நான்.

லேப் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "ஏனம்மா இது? ரயில்ல உட்கார்ந்து போடுற கணக்கா?" அப்புறம் பழைய ரிப்போர்ட்டை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார். "பாக்காம கையெழுத்துப் போட்டது நான். எல்லா ரிப்போர்ட்டும் மாத்து. அந்தப் பொண்ணு வீட்டுக்கு இன்னைக்கே போ."

வெள்ளி, ரயிலில்

வழக்கமான வண்டி போயிற்று. இது அடுத்தது. நிற்கத்தான் இடம், கிறுக்கல்.

ஈஜிபுராவில் தண்ணீர் குழாயடியில் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். சாந்திதான் கதவைத் திறந்தாள். என் தப்பு, கணக்குத் தப்பு, மன்னித்துக்கொள், மருந்து உண்டு, திங்கட்கிழமை டாக்டரைப் பார் என்று வாசலிலேயே கொட்டிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ எனக்கு வியாதிதானாக்கா? நிஜமாவா?"

ஆமாம் என்றேன். புது ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. திரும்ப என் கையிலேயே கொடுத்தாள்.

"இன்னொரு தடவை படிங்கக்கா. சத்தமா. அத்தை உள்ள சமையல் ரூம்ல இருக்காங்க."