தட்டியது தெரிந்ததா?

காரைக்கால், 14.3.1977

அன்புள்ள மச்சானுக்கு, ரோஷன் பேகம் சலாமுடன் எழுதியது. நானும் நம் பிள்ளை ஆரிபாவும் நலம். அவளுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன.

பினாங்கில் மீரா சாகிப் மாமாவின் கடையில் துணி அளப்பதாகத்தான் எழுதிக்கொண்டிருந்தீர்கள். லீவில் வந்த மாமா நேற்று ஒரு நோட்டீஸ் காட்டினார். சட்டையில்லாமல் நிற்கிறீர்கள். ‘காரைக்கால் நூகு, எந்தச் சண்டைக்கும் தயார்’ என்று கீழே போட்டிருக்கிறது. கடையை விட்டு எட்டு மாதமாகிறதாம். இதை அடுத்தவர் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

உங்கள் ரோஷன்


பினாங்கு, 2.5.1977

அன்புள்ள ரோஷனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மாமா சொன்னது உண்மைதான். துணி அளப்பது என் கைக்குச் சரிப்படவில்லை. இங்கே ஒரு பஞ்சாபி பயில்வான் எனக்குப் பிடிகள் கற்றுக்கொடுத்தார். பொருட்காட்சியில் குத்துச்சண்டைக்காரனையும் மல்யுத்தக்காரனையும் ஒரே மேடையில் விடுகிறார்கள். குத்தலாம், உதைக்கலாம், முறுக்கலாம். யார் ஜெயிப்பான் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

பயப்படாதே. வலி தாங்காதவன் கையால் தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். சட்டம் அது ஒன்றுதான். இதுவரை ஒன்பது பேர் தட்டிவிட்டார்கள். நான் ஒருமுறையும் தட்டவில்லை. பிள்ளைக்கு என் முத்தங்கள்.

நூகு


காரைக்கால், 20.8.1981

அன்புள்ள மச்சானுக்கு,

பத்திரிகையில் உங்கள் பெயர் வந்திருக்கிறது. ஈப்போவில் வைத்தியலிங்கம் என்ற குத்துச்சண்டைக்காரர் தட்டிய பிறகும் விடாமல் அவர் வலது கையை முறித்துவிட்டீர்களாம். அவர் தட்டவே இல்லை என்று நீங்கள் சொன்னீர்களாம். அவர் நம் பக்கத்து ஊர் விழிதியூர்க்காரராமே.

டீக்கடையில் பாதிப் பேர் உங்களைச் சிங்கம் என்கிறார்களாம், பாதிப் பேர் கசாப்புக்காரன் என்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் ஆரிபாவிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எனக்கு ஒன்றை மட்டும் எழுதுங்கள். தட்டியது தெரிந்ததா?

ரோஷன்


கோலாலம்பூர், 11.10.1981

ரோஷனுக்கு,

கூட்டம் போட்ட சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அன்று காதும் வீங்கியிருந்தது. பினாங்கில் இனி மேடை தரமாட்டோம் என்றதால் இங்கே வந்துவிட்டேன். பத்திரிகையில் திட்டி எழுதிய பிறகு கூட்டம் இரண்டு மடங்கு வருகிறது. கெட்டவன் எப்படி இருப்பான் என்று பார்க்கத்தான் வருகிறார்கள்.

முழங்கால் சரியில்லை. இதைப் பற்றி இனிமேல் கேட்காதே.

நூகு


காரைக்கால், 6.2.1985

மச்சானுக்கு,

மூன்று வருஷம் கேட்காமல் இருந்தேன். உங்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டு அல்ல, அலுத்துப்போய்த்தான். இப்போது கேட்க வேண்டியிருக்கிறது.

வைத்தியலிங்கம் ஊருக்கே திரும்பிவிட்டார். தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். ஆரிபாவை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று வாசலில் நின்றபோது, அவரே நாற்காலியை இடது கையால் இழுத்துப் போட்டார். வலது கை மடங்கியது மடங்கியபடியே நிற்கிறது.

கை போனதைப் பற்றி அவர் பேசவில்லை. தோற்றுவிட்டுப் பொய் சொன்னவன் என்று சொந்த ஊரிலேயே சொல்கிறார்களாம். “நாலு தடவ தட்டுனேங்க. அவரு முதுகுலதான் தட்டுனேன். தட்டுனான்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்” என்றார்.

முதுகில் தட்டினால் தெரிவதற்குக் காது எதற்கு, மச்சான்?

ரோஷன்


கோலாலம்பூர், 30.3.1985

ரோஷனுக்கு,

தட்டினார். நான்கு முறை. முதல் முறையே எனக்குத் தெரிந்தது.

அன்று ஐந்து நிமிடம் அவர் என்னை அடித்துக்கொண்டே இருந்தார். ஜனங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் பிடி விழுந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று என் பெயரைச் சொன்னது. விட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும். இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருந்தது. வேறு காரணம் ஏதாவது இருக்குமா என்று இத்தனை வருஷம் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

இந்தக் கடிதத்தை அவரிடம் கொடு. யார் முன்னாலும் படிக்கட்டும்.

ஜனவரியோடு சண்டையை விட்டுவிட்டேன். ஒரு கிடங்கில் காவல் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வரலாமா? நீ சொன்னால் வருகிறேன்.

நூகு


காரைக்கால், 2.5.1985

மச்சானுக்கு,

கடிதத்தை விழிதியூருக்கு எடுத்துக்கொண்டு போனோம். அண்ணன் குடும்பம், பக்கத்து வீட்டார் எல்லாரையும் அவர் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆரிபாதான் படித்தாள். சத்தம் நின்றுவிடும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் அவள் படிப்பதை நிறுத்திவிட்டாள். “படிம்மா” என்றார். முடித்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, “கேட்டுக்கிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

திரும்பும்போது பஸ்ஸை விட்டு இறங்கிய ஆரிபா, “வாப்பா உண்மைய எழுதிட்டாங்கள்ல” என்றாள். என்னைக் கேட்டாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை.

வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வர வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. அழவும் தெம்பில்லை, சண்டை போடவும் தெம்பில்லை. சோறு இருக்கும், படுக்கப் பாய் இருக்கும். மற்றது என்னிடம் மிச்சமிருக்கிறதா என்று நீங்கள் வந்த பிறகுதான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வருவதற்கு முன்னால் விழிதியூருக்குப் போங்கள். நீங்கள் வருவீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். “வரட்டும்” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ரோஷன்