ஊக்கு ஆல்பமும் என் தொண்டையும்

நவம்பர் 4, செவ்வாய்

மழை விடவில்லை. துவைத்தது எதுவும் காயாமல் வீடு முழுக்க ஈரத்துணி நாற்றம். என் கழுத்துத் தையல் மட்டும் நன்றாகக் காய்ந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் மெல்லிய செயின் போட்ட மாதிரி ஒரு கோடு.

தைராய்டு கட்டியை எடுத்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. புற்று இல்லை என்று ரிசல்ட் வந்த அன்று அன்பரசு ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனி ஷிப்ட் பார்க்கிற மனுஷன், எங்கள் கல்யாணத்தில்கூட இவ்வளவு உணர்ச்சிவசப்படவில்லை. எனக்கும் நிம்மதிதான். ஆனால் குரல் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. "கொஞ்ச நாளைக்குக் குரலுக்கு ஓய்வு குடுங்க, வந்துடும்" என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார். கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். பாடகிக்கு இதெல்லாம் சொல்லித் தரவா வேண்டும்? தயிர் கிடையாது, ஐஸ் கிடையாது, பேச்சு கிடையாது.

பதினான்கு வருஷமாக ராஜவேல் அண்ணன் ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறேன். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எந்த ஊர்த் திருவிழா, எந்தக் கல்யாண ரிசப்ஷன் என்றாலும் பேனரில் "தேன்குரல் பிரிசில்லா" என்று போடுவார். இனி என்ன போடுவார்?

நவம்பர் 6, வியாழன்

இன்று கண்டுபிடித்தது: நான் கிசுகிசுத்தால் எதிரில் இருப்பவர்களும் கிசுகிசுக்கிறார்கள். காய்கறி வண்டி செம்பியன், தெருக்கோடியில் கூவினால் நாலாவது தெருவில் கேட்கும் ஆள், என் காதருகே குனிந்து, "கத்திரிக்கா கால் கிலோ போதுமாக்கா?" என்கிறார், ஏதோ கள்ளக்கடத்தல் மாதிரி. அன்பரசும் அப்படித்தான். வீட்டுக்குள் இரண்டு பேரும் திருடர்கள்போல் பேசிக்கொள்கிறோம். சிரிப்பு வந்தது. சிரிப்பிலும் சத்தம் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனையில் எல்லோரும் பாடினார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன்.

நவம்பர் 13, வியாழன்

ராஜவேல் அண்ணன் வந்தார். ஒரு பை நிறையப் பனங்கற்கண்டு. இதோடு வீட்டில் பனங்கற்கண்டு ஒரு டப்பா தாண்டி இரண்டாவது டப்பாவுக்குப் போகிறது. என் நோய்க்கு ஊரே சேர்ந்து ஒரே மருந்து எழுதியிருக்கிறது.

"நீ ஒண்ணும் கவலைப்படாதம்மா. நல்லா ரெஸ்ட் எடு. தை மாசம் புரோகிராம் ஜாஸ்தி இருக்குல்ல, அதான் நெய்வேலிலேருந்து ஒரு பொண்ணைக் கூப்பிட்டிருக்கேன். தற்காலிகமாத்தான்."

தலையாட்டினேன். டீ போட்டுக் கொடுத்தேன். போனதும் அடுப்படியில் நின்று அழுதேன்.

தற்காலிகமாம்! பதினாலு வருஷம் முன்னாடி நானும் தற்காலிகமாத்தான் வந்தேன். அப்ப பாடிக்கிட்டிருந்த அக்காவுக்குப் பிரசவம். அவுங்க திரும்பி வரவே இல்ல. நான் ஒரு நாளாவது அவுங்களைப் பத்திக் கேட்டனா?

நரம்பு அறுந்துபோயிருந்தால்? மறுபடி டாக்டரிடம் போகச் சொல்லி அன்பரசு தினமும் நச்சரிக்கிறார். போனால் தெரிந்துவிடும். அதனால்தான் போகவில்லை. வேறு யாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

அன்பரசு ஷிப்டுக்குப் போனதும் ஊக்கு ஆல்பத்தைப் போட்டேன். நாலு சுவரும் அதிர்ந்தன.

அதன் நிஜப் பெயர் வேறு. சிதம்பரத்தில் காலேஜ் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த வினோதினி, புதுச்சேரிக்காரி, எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தாள். வெளிநாட்டில் நாலு பெண்கள் சேர்ந்து கார் ஷெட்டில் பதிவு செய்த பங்க் பாட்டுகள், நயமெல்லாம் பார்க்காமல் வேகமாக அடித்துக் கத்திப் பாடுகிற ராக். அட்டைப் படத்தில் முகம் இல்லை. கிழிந்த ஜாக்கெட், அதைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஒரு ஊக்கு. அவ்வளவுதான். பார்த்ததும் வினோதினி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நம்ம ஊர்ல எந்தப் பொண்ணு ஊக்கு இல்லாம பஸ் ஏறுறா? அப்ப நாமளும் பங்க்தான்டி." அன்றிலிருந்து அது ஊக்கு ஆல்பம். போன் மாறும்போதெல்லாம் கல்யாண போட்டோவுக்கு முன்னால் அதைத்தான் புதுப் போனுக்கு மாற்றுவேன். அன்பரசு அதை "மிக்ஸி" என்பார்.

பங்க் என்றால் படங்களில் முடியைச் சிலுப்பிய ஆண்கள்தான் இருப்பார்கள். வினோதினி ஒத்துக்கொள்ளவே மாட்டாள். "ஆரம்பத்துலேருந்தே பொண்ணுங்க இருக்காங்க. பேஸ் கிடார் வாசிச்சாங்க, டிரம் அடிச்சாங்க, கத்திக் கத்திப் பாடுனாங்க. அழகாத்தான் பாடணும், சிரிச்சிக்கிட்டேதான் நிக்கணும்ங்கிறதையெல்லாம் ஒடச்சிப் போட்டது அவுங்கதான்" என்பாள். மூன்றாவது பாட்டு ஒரு இருமலோடு தொடங்கும். பாடகியின் இருமல். அதை வெட்டி எறியாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நான் மேடையில் இருமினால் ராஜவேல் அண்ணன் கீபோர்டிலிருந்து முறைப்பார்.

கடைசிப் பாட்டு ஏதோ கூட்டத்தில் பதிவானது. பாதியில் நிறுத்திவிட்டுப் பாடகி அதட்டுவாள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. வினோதினி விளக்கினாள். மேடைக்கு முன்னால் ஆண்கள் இடித்துக்கொண்டு ஆடுவார்களாம், பெண்கள் ஒதுங்கிச் சுவரோரம் நிற்பார்களாம். "பொண்ணுங்கல்லாம் முன்னாடி வாங்க, பசங்க பின்னாடி போங்க" என்று சொல்கிறாள். அவர்கள் வந்து நிற்கும்வரை பாட்டு தொடராது. அந்த இடைவெளி முழுக்கச் செருப்புச் சத்தமும் சிரிப்பும்.

மேடையில் தேன் வடித்துவிட்டு வேனில் திரும்பும்போதெல்லாம் காதில் இதைத்தான் மாட்டிக்கொள்வேன். ஏன் பிடித்தது என்று இன்றைக்குத்தான் யோசித்தேன். அவளுக்குக் குரல் போய்விடுமே என்ற பயமே கிடையாது.

சாயங்காலம் அன்பரசு வந்ததும் போனில் எழுதிக் காட்டினேன்: நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்.

நவம்பர் 15, சனி

சிதம்பரத்தில் காது மூக்குத் தொண்டை டாக்டர். மூக்கு வழியாகக் கேமரா விட்டார். கண்ணீர் கொட்டியது. திரையில் என் குரல்நாண் இரண்டும் தெரிந்தன. வெள்ளையாக, திறந்து மூடிக்கொண்டு.

"ரெண்டும் அருமையா அசையுதும்மா. நரம்புக்கு ஒண்ணும் ஆகல."

அப்படியென்றால் குரல் எங்கே?

"எத்தனை நாள் பேசாம இருந்தீங்க?" அன்பரசு பதில் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அய்யய்யோ. ஓய்வுன்னா மூணு நாள், நாலு நாள்மா. ஒரு மாசமா பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க. தொண்டைக்குப் பேசுறதே மறந்துபோச்சு. பயத்துல அது இறுகிக் கிடக்கு."

திரும்பும்போது ஒரு பக்கம் பஸ்ஸிலேயே எழுந்து ஆடலாம் போல இருந்தது. நரம்பு இருக்கு! இன்னொரு பக்கம் அவமானம். அப்ப நான் நடிக்கிறனா? ஊர்ல என்ன சொல்வாங்க, நல்லா இருக்கிறவ வேஷம் போட்டான்னுதானே? அன்பரசு வழி முழுக்க என் கையை விடவில்லை. ஆலப்பாக்கம் தாண்டியதும், "இருக்கிறது எங்க போவும் பிரிசி, வரும்" என்றார். கிசுகிசுப்பாகத்தான்.

நவம்பர் 26, புதன்

டாக்டர் எழுதிக்கொடுத்த பேச்சுப் பயிற்சிக்கு மூன்று தடவை போயாகிவிட்டது. பயிற்சி கொடுக்கும் சத்யப்பிரியா சின்னப் பெண். கொப்பளிக்கச் சொன்னாள், "ம்ம்" என்று முனகச் சொன்னாள், இருமச் சொன்னாள்.

"இருமல்ல உங்க குரல் இருக்குக்கா. கேட்டீங்களா?"

கேட்டேன். இருமலுக்குப் பின்னால் ஒரு "அ" சொல்லச் சொன்னாள். உடனே கதவு மூடிக்கொண்டது. நான் மூடவில்லை, அதுவாக மூடிக்கொள்கிறது. இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

டிசம்பர் 3, புதன்

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

சத்யப்பிரியா இன்று ஹெட்போன் மாட்டிவிட்டு, பழைய டிவி இரைவது மாதிரி ஒரு சத்தம் வைத்தாள். நம் குரல் நமக்கே கேட்காவிட்டால் தொண்டை தன்னை மறந்து வேலை செய்யுமாம். பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. இரைச்சலுக்கு நடுவிலும் நான் என்னையே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இதைவிடப் பெரிய சத்தம் வேணும் போலிருக்கே" என்றாள்.

என் போனை நீட்டினேன்.

அவள் முதலில் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணை அகல விரித்தாள். பிறகு காது தாங்குகிற அளவு பார்த்து வைத்தாள். மூன்றாவது பாட்டு. இருமல். டிரம். நான் மழைச் செய்தியைப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு என் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அந்த நாலு பெண்கள் மட்டும்தான். கிடாரை வைத்து அடிக்கிறார்கள், இவள் கத்துகிறாள், நான் பாட்டுக்குத் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் தேங்கியதைப் படித்துக்கொண்டே போகிறேன். நிமிர்ந்து பார்த்தால் சத்யப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். வெளியில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறார்கள்.

பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினாள். கரகரவென்று, ஏலம் போடுகிற மாதிரி ஒரு பெண் கத்துகிறாள்: "கடலூர் மாவட்டத்தில் இன்றும் கனமழை பெய்யக்கூடும்!"

"யாரு இது?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் தெரிந்தது, சத்தமாகக் கேட்டிருக்கிறேன்.

இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். சத்யப்பிரியா எனக்கு மேல் அழுதாள்.

அன்பரசுக்கு போன் செய்தேன். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். "ஹலோ, யாரு பேசறது?"

"ஒங்க பொண்டாட்டிதான்."

மெஷின் சத்தம் மெல்ல விலகியது, வெளியே வந்துவிட்டார் போல. அப்புறம் மூக்குறிஞ்சுகிற சத்தம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அந்த நாலு பேருக்கும் ஸ்தோத்திரம்.

டிசம்பர் 25, வியாழன்

சர்ச்சில் சத்தமாகப் பாடினேன். முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜனவரி 12, திங்கள்

ராஜவேல் அண்ணன் வீட்டில் குரல் பார்த்தோம். மேல் சுருதி ஏறவில்லை. ஏறினால் உடைகிறது. சத்யப்பிரியா முன்பே சொல்லியிருந்தாள்: "மேல உள்ளது வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்கா." கீழே மட்டும் கனமாக, மணல் கலந்த மாதிரி ஒரு குரல் இருக்கிறது. முன்பு எனக்கு அது இருந்ததே இல்லை.

அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. கெட்ட மனுஷன் இல்லை. "நீ அறிவிப்பு பண்றியாம்மா? நல்லா பேசுவ. சம்பளம் அதேதான்."

வந்தது பாருங்கள் கோபம்.

"நான் பாடறவ அண்ணே. ஆம்பளப் பாட்டைக் குடுங்க. அந்தச் சுருதி எனக்குச் சரியா இருக்கு."

"பொம்பள பாடுனா அதை யாரும்மா கேப்பாங்க?"

"ஒரே ஒரு மேடை. கேக்கலன்னா நானே மைக்கை வச்சிட்டு வந்துடறேன்."

அண்ணன் அரைமனதாகத் தலையாட்டினார். எங்கிருந்து இந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் பயமே வந்தது. வினோதினியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப நீ பங்க் ஆயிட்டடி" என்று சிரித்தாள். தயிர்சாதம் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

புடவைக்கு இரண்டு ஊக்கு, வளையலில் ஒன்று உபரி. கிளம்பியாச்சு.

பிப்ரவரி 21, சனி

நேற்று பிச்சாவரம் பக்கம் மீனவர் குப்பத்தில் அம்மன் கோயில் திருவிழா. எப்போதும்போல்தான். மேடைக்கு முன்னால் இளவட்டங்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஆட்டம். பெண்கள் எல்லாம் பின்னால், வலை உலர்த்தும் இடத்தில், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு. அங்கிருந்து மேடை தெரியுமா என்று பதினான்கு வருஷத்தில் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

நெய்வேலிப் பெண் இரண்டு பாட்டு பாடினாள். நல்ல குரல், தேன்தான். அடுத்து என் முறை, ஒரு குத்துப்பாட்டு. அண்ணன் உதட்டைக் காட்டிச் சிரிக்கச் சொல்லி ஜாடை செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்டை இறுகுவது தெரிந்தது. அதே கதவு. மைக் முன்னால் நின்று இருமினேன். குப்பம் முழுக்க ஸ்பீக்கரில் என் இருமல். பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"பொம்பளைங்க எல்லாம் முன்னாடி வாங்க" என்றேன். "தம்பிங்களா, நீங்க பின்னாடி போயி ஆடுங்க. அவுங்க வந்து உக்கார்ற வரைக்கும் பாட்டு இல்ல."

யாரும் அசையவில்லை. அண்ணன் கீபோர்டுக்குப் பின்னால் ஏறக்குறைய உட்கார்ந்தே போனார். நான் காத்திருந்தேன். உள்ளுக்குள் உதறல்தான், பொய் சொல்லவில்லை. கடைசியில் கனத்த உடம்புக்காரி ஒருத்தி பிளாஸ்டிக் சேரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எழுந்து வந்தாள். "அதான் சொல்லுதுல்ல, நவுருங்கடா" என்று பையன்களைப் பிளந்துகொண்டு வந்து மேடைக்கு நேர் முன்னால் சேரைப் போட்டாள். அவள் பின்னாலேயே எல்லோரும். செருப்புச் சத்தம், சிரிப்பு, பிள்ளைகள் அழுகை. இதே சத்தத்தை நான் எத்தனை வருஷம் காதில் மாட்டிக் கேட்டிருக்கிறேன்!

பாடினேன். நடுவில் ஓரிடத்தில் உடைந்தது. உடையட்டும் என்று விட்டேன். அவர்கள் விசில் அடித்தார்கள். பெண்கள் விசில் அடித்து நேற்றுத்தான் பார்த்தேன்.

இறங்கியதும் அந்தச் சேர்க்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யம்மா, இத்தினி வருசம் பாட்டுக்கச்சேரி பாத்திருக்கேன். உன் குரலுதான் நாங்க மீனு கூவுற குரலு மாதிரியே இருக்கு."

வேனில் ஊக்கு ஆல்பத்தைப் போடவில்லை. தேவைப்படவில்லை. அண்ணன் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே, எனக்கும் நெய்வேலிப் பெண்ணுக்கும் சேர்த்து, "அடுத்த வாரம் மேல்பட்டாம்பாக்கம். ரெண்டு பேரும் வாங்க" என்றார்.

பிப்ரவரி 23, திங்கள்

காய்கறி வண்டி வந்தது. செம்பியன் பழைய வழக்கத்தில் என் காதருகே குனிந்து, "தக்காளி வேணுமாக்கா?" என்று கிசுகிசுத்தார்.

"ஒரு கிலோ போடு!" என்றேன். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்து, தனக்கும் ஒரு கிலோ என்றாள்.