செலாய்க் காட்டுக்கு அம்மாவோடு போய் வந்தது

பெக்கோக், ஜொகூர்
ஆகஸ்டு, திங்கட்கிழமை

அன்பு மகள் லோஷினிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி விஜயனும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்த கிறைஸ்ட்சர்ச் குளிரில் காதை மூடி, வேளாவேளைக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது அப்பா ஏன் பேனாவைப் பிடித்தார் என்று பயந்துவிடாதே. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அம்மா நன்றாக இருக்கிறாள், சமையலறையில் நெத்திலி வறுத்துக்கொண்டிருக்கிறாள். எழுதச் சொன்னதே அவள்தான். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், விஷயம் நடுவிலேயே நின்றுவிடும், அதனால் எழுதித் தபாலில் போடுங்கள் என்றாள். மற்றபடி இந்த வருஷம் டுரியான் நன்றாக விழுகிறது, பக்கத்து வீட்டு ஐயாசாமி அண்ணன் நேற்றும் ஒரு கூடை கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார், அவருக்குச் சர்க்கரை இருப்பதால் வாசனை மட்டும் பிடிக்கிறாராம். விஜயன் இன்னும் சிங்கப்பூர் வேலைக்குத்தான் பாலம் தாண்டிப் போய் வருகிறான், சனி ஞாயிறு இங்கே வந்துவிடுவான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி கடைசியில் நீ போன் செய்து அங்கேயே நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி திரும்பி வரமாட்டேன் என்று சொன்னாய். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்தாள். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவள் குரலை நீ கேட்கவில்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், தூங்குகிறாள், போன் கேமரா கெட்டு ரோசாக் ஆகிவிட்டது என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தனையும் பொய் அம்மாடி. போன மாதம் நீ எனக்கு அனுப்பினாயே, "அம்மா கோவம் தீரலன்னா நான் வேலைய விட்டுட்டு வந்துடட்டுமாப்பா" என்று, அதைப் படித்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன், அம்மாவிடம் காட்டவில்லை. உண்மை என்னவென்றால், அம்மாவின் கோபம் இரண்டே நாள்தான். மூன்றாம் நாள் உன் சின்ன வயது போட்டோவைத் துடைத்து வைத்தாள். அந்த வாரமே, மார்ச் தொடக்கத்தில், அவள் கழுத்தில் இருந்த தைராய்டு கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பயப்படாதே, கெட்ட கட்டி இல்லை என்று பரிசோதனையில் தெளிவாக வந்துவிட்டது. ஆனால் சில பேருக்குக் குரல் நரம்பு அசந்துபோகும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். அந்தச் சில பேரில் அம்மாவும் ஒருத்தி ஆகிவிட்டாள். பாலர் பள்ளியில் இருபது வருஷம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவளுக்கு வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது, நடுவில் கொஞ்சம் கரகரப்பு. திரும்பி வர வாய்ப்பு நிறைய இருக்கிறது, ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகும், பயிற்சி செய்ய வேண்டும் என்கிறார்கள். உன்னிடம் சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு அடுத்த விமானத்தில் வந்து நிற்பாய் என்று அம்மாவுக்குப் பயம். அதைவிட, இந்தக் குரலை நீ கேட்கக் கூடாது என்பதுதான் அவளுக்குப் பெரிய கவலை. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி என் தலைமேல் சத்தியம் வாங்கினாள். நானும் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

அவள் வெளியே போவதையே நிறுத்திவிட்டாள். மார்க்கெட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் தொண்டைக்கு என்னாச்சு என்று கேட்கிறார்கள், பதில் சொல்லத் தொண்டை வேண்டுமே. ஆடி வெள்ளிக்குக்கூடக் கோயிலுக்கு வரவில்லை. டாக்டர் நன்றாக நடக்கச் சொல்லியிருந்தார், அவளோ வீட்டுக்குள்ளேயே வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். அப்படி இருந்தவள் ஒருநாள் தாளில் எழுதி நீட்டினாள், "செலாய்க் காட்டுக்குப் போலாமா? அங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." எனக்கு நம்பவே முடியவில்லை. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குச் செலாய் வழியாகப் போகிறவர்கள் எல்லாரும் நம் ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள், எத்தனை வெள்ளைக்காரர்கள் நம் கடைத்தெருவில் நின்று தேத்தாரே டீ குடித்துவிட்டு மலையேறப் போயிருக்கிறார்கள், நாம் ஒரு நாள் போனதில்லையே. நான் பதினெட்டு வயதிலிருந்து பாலாக் லோரியில் காட்டு மரம் ஏற்றியவன். மெராந்தி மரத்தைப் படுத்த நிலையில் பார்த்திருக்கிறேன், நம்பர் அடித்து, சங்கிலி போட்டு இறுக்கியிருக்கிறேன். நின்ற நிலையில் பக்கத்தில் போய்ப் பார்த்தது கிடையாது.

டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் போனோம், அதைப் பற்றிக் கவலைப்படாதே. விஜயன் எல்லாம் பதிவு செய்தான், போன சனிக்கிழமை காலையில் ஜீப் வந்தது. செம்பனைத் தோட்டம் முடிந்ததும் மண் பாதை, அம்மா முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி வந்தாள், சிரித்தாள். வழிகாட்டியாக வந்தது அங்கேயே காட்டின் ஆதிகுடிகளான ஓராங் அஸ்லி மக்களின் கம்பத்தில் குடியிருக்கிற ஜக்குன் இனப் பெண், புங்கா என்று பெயர், உன் வயதுதான் இருக்கும். மலாய்தான் பேசினாள். அம்மாவிடம் ஏதோ கேட்டாள், அம்மா கழுத்துத் தழும்பைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள். அந்தப் பெண் என்ன ஏது என்று கேட்கவில்லை, அடடா என்று முகத்தைச் சுருக்கவும் இல்லை, சரி மக்சிக் என்று சொந்த அத்தையைக் கூப்பிடுகிற மாதிரி சொல்லிவிட்டு அம்மாவின் காலுறைக்குள் பேண்டைச் சொருகி அட்டை ஏறாமல் கட்டிவிட்டாள். அவர்கள் வீட்டு வாசலில் ஊதுகுழல் வைத்து அம்பு விடக் கற்றுக்கொடுத்தார்கள். விஜயன் ஊதினான், அம்பு அவன் காலடியிலேயே விழுந்தது. என்னுடையது கோழி பக்கம் போனது. அம்மா வாங்கி ஊதினாள் பார், நேராகப் போய் வாழைத் தண்டில் குத்தி நின்றது. குரல்தான் போச்சு, மூச்சு எங்கேயும் போகவில்லை என்று விஜயன் கத்தினான். புங்காவின் அப்பா கைதட்டினார்.

பிறகு தொங்குபாலம் தாண்டி மலைப் பாதையில் ஏறினோம். ஏற்றத்தில் நான்தான் இளைத்தேன், அம்மா இல்லை. புங்கா ஒரு கொடியை வெட்டிக் கவிழ்த்தாள், அதிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது, குடித்தோம், நல்ல குளிர்ச்சி. தலைக்கு மேல் இரண்டு இருவாச்சிகள் பறந்தன, லோஷினி, அதன் சிறகுச் சத்தம் இருக்கிறதே, தூரத்தில் ரயில் எஞ்சின் பெருமூச்சு விடுகிற மாதிரி, நாங்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அருவியை அவர்கள் தாக்கா என்கிறார்கள். தாக்கா பண்டான் என்ற இடத்துக்குப் போனோம், பாறைச் சுவர் முழுக்கத் திரை போட்ட மாதிரித் தண்ணீர். அந்த இரைச்சலில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. வந்திருந்தவர்கள் எல்லாரும் கையால்தான் பேசினார்கள், வா, போ, போட்டோ எடு, வழுக்கும் என்று. அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தண்ணீர்த் தூறலில் போய் நின்று வாயைத் திறந்து எதையோ பாடினாள். என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது, உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

இனிமேல் எழுதப்போவது அப்பா செய்த முட்டாள்தனம். இறங்கி வரும்போது ஓரிடத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். பாதையை விட்டு யாரும் நகரக் கூடாது என்று புங்கா காலையிலேயே சொல்லியிருந்தாள். எனக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மெராந்தி தெரிந்தது, நான்கு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாது. தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். தொட்டேன். அதற்குப் பின்னால் இன்னும் பெரியது ஒன்று, அதற்கும் போனேன். அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் வந்த வழி இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. கத்தினேன், ஆற்றுச் சத்தம் என் சத்தத்தை விழுங்கிவிட்டது. போனில் லைன் இல்லை. நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று தெரியும், ஆனாலும் கால் நிற்கவில்லை, இப்படி அப்படி நடந்து ஒரு பள்ளத்தில் சறுக்கி முட்டியைத் தேய்த்துக்கொண்டேன். அப்போது மேகம் வேறு இருட்டியது. நான் பயந்துவிட்டேன் அம்மாடி, உன்னிடம் மறைக்க மாட்டேன். எனக்கு என்ன ஆகுமோ என்பதைவிட, அங்கே உன் அம்மா ராஜம் என்ன பாடுபடுகிறாளோ, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூட அவளால் முடியாதே என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தும், தும், தும் என்று மூன்று சத்தம் வந்தது. காதில் விழுந்ததைவிட நெஞ்சில்தான் அதிகம் விழுந்தது. கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. யாரோ பெரிய பறை அடிக்கிற மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், நடந்தால் தவறுகிறது, நின்றால் மறுபடி கேட்கிறது, அப்படி நின்று நின்று போனேன். பாதி வழியில் புங்கா எதிரே வந்து என் கையைப் பிடித்தாள். நடந்தது இதுதான். நான் இல்லை என்று தெரிந்ததும் விஜயன் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் அழ ஆரம்பித்திருக்கிறான். புங்கா அம்மாவை ஒரு பெரிய மரத்தடிக்குக் கூட்டிப்போய், பலகை மாதிரி விரிந்த வேரைக் காட்டி, கையில் ஒரு கட்டையைக் கொடுத்து, "மக்சிக், மூணு தடவ அடிங்க, நிறுத்துங்க, மறுபடி அடிங்க. குரல் போகாத எடத்துக்கும் இது போகும். நான் தேடிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவர்கள் காட்டில் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது அப்படித்தானாம். விஜயன் மாற்றி அடிக்கிறேன் என்று எவ்வளவோ கேட்டும் அம்மா கட்டையைக் கொடுக்கவில்லை.

நான் வந்து நின்றதும் கட்டையைப் போட்டாள். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு, ஐந்து மாதமாக வெளியாள் முன்னால் வாயைத் திறக்காதவள், அந்தக் கரகரத்த குரலில், உடைந்து உடைந்து, "எங்கய்யா... போனீங்க... மரத்த... பாத்ததே... இல்லையா..." என்று திட்டினாள். திட்டத் திட்டக் கொஞ்சம் சத்தமும் கூடியது. அவளுக்கே அது தெரியவில்லை. புங்காதான், "பாவம் மக்சிக், பாக்சிக் பயந்து போயிருக்காரு, வீட்டுக்குப் போயி திட்டுங்க" என்றாள். அம்மா சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தது. மழை பிடிப்பதற்குள் ஜீப்புக்கு வந்துவிட்டோம். கம்பம் வரும் வரை அம்மா அந்தப் பெண்ணோடு அரைகுறைக் குரலில் பேசிக்கொண்டே வந்தாள், பிள்ளைகள் எத்தனை, எந்தப் பள்ளிக்கூடம், ஆற்றில் என்ன மீன் என்று. அவளும் ஒவ்வொரு வார்த்தைக்கும் பொறுமையாகக் காது கொடுத்தாள். இறங்கும்போது அம்மா தன் கழுத்துத் துண்டை அவளுக்குப் போட்டுவிட்டாள், அவள் கோரையில் முடைந்த ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தாள்.

நேற்றுக் காலையில் கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது உன் மெசேஜை அவளிடம் காட்டினேன். படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு தாளை எடுக்கவில்லை, வாயால்தான் சொன்னாள், "புள்ள... நான் கோவமா இருக்கேன்னா... நெனச்சிக்கிட்டு இருக்கு? அய்யோ. எழுதுங்க. நான் கோவத்துல இல்லன்னு... மொதல்ல எழுதுங்க." அதனால் எழுதுகிறேன். உன் அம்மா உன்மேல் கோபத்தில் இல்லை. நீ அங்கே நன்றாக இரு, வேலையை விடாதே, லீவு கிடைக்கும்போது வந்தால் போதும். வந்தால் செலாய்க்குக் கூட்டிப்போகிறேன் என்கிறாள், அப்பாவைக் கயிறு போட்டுக் கட்டிக் கூட்டிப்போவாளாம். உனக்குத் தெரியாமல் இத்தனை நாள் வைத்திருந்ததற்கு அப்பாவை மன்னித்துக்கொள். இனி இந்த வீட்டில் உனக்கு மறைத்து ஒன்றும் இருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள். இரவு வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. நம் குலதெய்வம் உனக்கு முன்னும் பின்னும் துணை நிற்கட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. இந்தக் கடிதம் கையில் கிடைத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை எங்கள் நேரம் காலை பத்து மணிக்குக் கூப்பிடு, உனக்கு மதியம் இரண்டு மணி. அம்மாதான் எடுப்பாள். முதலில் ஒன்றும் கேட்காது, லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. மூச்சு மட்டும் கேட்கும். அழாதே, நீயே அவசரமாகப் பேசி அந்த இடத்தை நிரப்பிவிடவும் வேண்டாம். காத்திரு, வரும்.

எந்நாளும் உன் நினைவாக இருக்கும்
அப்பா,
கமலநாதன்