பிளோறன்ஸ் பார்த்த பஞ்சாங்கம்

ஓபர்ஸ்டோர்ஃப், ஜேர்மனி
13.1.1987

அன்புத் தங்கச்சி பிளோறன்ஸுக்கு,

நான் சுகம். ஒஸ்திரியாவிலிருந்து உங்களை மலை தாண்டி இங்கே கூட்டிவரும் ஏஜென்சிக்காரன் வரும் செவ்வாய்க்கிழமை புறப்படுகிறான் என்று எழுதியிருந்தாய். காற்று அடங்கிப் பனி இறுகும்வரை வேண்டாம் பிள்ளை.

நான் கோப்பை கழுவும் விடுதியின் முதலாளியம்மா வால்ட்ராவுட் மலைமீட்புப் படையில் இருக்கிறா. பழைய பனிக்கு மேல் புதுப்பனியைக் காற்று அள்ளிக் குவித்தால், ஒருத்தர் கால் வைத்தாலே சரிவு முழுக்கக் கழன்று வருமாம். இப்போது அப்படித்தான் கிடக்கிறது. காலடியில் ‘தொம்’ என்று கேட்டால் திரும்பிவிடு. எனக்கென்று நீ ஒருத்திதானே.

உன் அண்ணா
சூசைதாசன்


ஒஸ்திரியா
20.1.1987, செவ்வாய் காலை

அன்பின் அண்ணைக்கு,

கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஏஜென்சிக்காரன் சிரித்தான். “ஷெல்லடிக்குத் தப்பின நீங்கள் பனிக்குப் பயப்படுறதோ?” எங்கட ஆட்களும் தலையாட்டினார்கள். எனக்கு விசர் பிடித்தது.

விடிய வெளியே போய்ப் பார்த்தேன். மலையுச்சியில் காற்று பனியைப் புகைபோல அள்ளிக்கொண்டிருந்தது. பனிவெளியில் கால் வைத்தேன். ‘தொம்’ என்றது. ஐயோ, ஓடிவந்து கத்தினேன்: “இண்டைக்கு மரணயோகம்! பஞ்சாங்கத்தில கிடக்கு. நான் வரமாட்டன்!”

முன்னுக்கு நின்ற கலாதேவி அக்கா சப்பாத்தைக் கழற்றினா. மற்றவர்களும் கழற்றினார்கள். ஏஜென்சிக்காரன் ஏசிக்கொண்டு காரில் போய்விட்டான். சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரிக்குப் பஞ்சாங்கம் எங்கால என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அண்ணை! இனி எப்படி வருவேனோ தெரியாது. கோவிக்காதேங்கோ.

தங்கச்சி
பிளோறன்ஸ்


ஓபர்ஸ்டோர்ஃப்
23.1.1987

என் ராசாத்திக்கு,

செவ்வாய் பின்னேரம் நீங்கள் வரவிருந்த சரிவு அப்படியே இடிந்து விழுந்தது. “என்ர தங்கச்சி அதுக்குள்ள” என்று வால்ட்ராவுட்டிடம் குழறினேன். களவாக வருகிறவர்களா என்று அவ ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்களையும் நாயையும் கூட்டிக்கொண்டு ஏறினா. நேற்று இருட்டும் வரைக்கும் நீளக் கம்பியால் பனியைக் குத்தினோம். கம்பி மெத்தென்று எதிலாவது முட்டினால் நீதானோ என்று உயிர் போய் வந்தது.

இன்று காலை திரும்ப ஏற வெளிக்கிடும்போது தபால்காரன் உன் கடிதத்தைத் தந்தான். வாசலிலேயே குந்திவிட்டேன். வால்ட்ராவுட்டுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவ சிரித்துச் சிரித்து அழுதா. “அவள் வந்தால் எங்கட படையில சேர்த்துவிடுங்கோ” என்கிறா. கெட்டிக்காரியடி நீ! நானென்றால் பனியைப் பற்றி இன்னும் நாலு பக்கம் எழுதியிருப்பேன்.

பனி உருகும் மட்டும் அங்கேயே இரு. எப்ப வெளிக்கிடுகிறது என்று நீயே பஞ்சாங்கம் பார்த்து எழுது. அந்த நாளில் நான் மலையடியில் நிற்பேன்.

அண்ணா