மூன்றாம் பாகம் இன்னும் எழுதவில்லை

கார்த்திகை, செவ்வாய்க்கிழமை

கோகிலாவைக் காலையிலிருந்து காணவில்லை. அண்ணன் மகள். பதினெட்டு வயதுகூட ஆகவில்லை. நாளை அவளுக்கு நிச்சயதார்த்தம். மதியம் அண்ணன் வந்து வாசலிலேயே நின்று கத்தினார்.

"நீ எழுதுன ரெண்டு புக்கையும் படிச்சிக்கினே கெடந்தா. அந்த ராஜா காலத்துப் பொண்ணு மாதிரியே ஓடிப்பூட்டா. இப்ப இன்னா சொல்ற?"

என் நாவலின் முதல் பாகத்தில், மன்னனைக் கட்டிக்கொள்ள மறுத்த கொற்றியைக் கல்வராயன் மலைக்கு ஓடவைத்தவள் நான்தான். அவளுக்குத் துணையாகப் பேசும் புலி ஒன்றைக் கொடுத்தேன். கோகிலாவிடம் ஒரு ஸ்வெட்டர்கூடக் கிடையாது.

பொழுது சாய்ந்தபின் அவளே போன் செய்தாள்.

"அத்த, அதே கல்வராயன் மலையிலதான், வெள்ளிமலைங்கற ஊருல கூடப் படிச்ச பொண்ணு வூட்டுல இருக்கேன். மூணாவது பாகத்துல கொற்றி இன்னா பண்ணுவா?"

"இன்னும் எழுதலம்மா."

"அப்ப நான் இன்னா பண்றது அத்த?"

அழுதாள். அங்கேயே இரு, காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். போய் என்ன செய்வேன்? அண்ணன் இன்னும் பஸ் ஸ்டாண்டில் தேடிக்கொண்டிருக்கிறார். இடத்தைச் சொன்னால் அவளை இழுத்துவந்து, நிச்சயதார்த்தத்தோடு நிறுத்தாமல் நாளைக்கே தாலி கட்டவைத்துவிடுவார். சொல்லாவிட்டால் விடிய விடிய அலைவார், பாவம். போன் அடிக்கிறது. அவர்தான்.