வழியா, வலியா?

பிரிக்பீல்ட்ஸ்,
17.6.1998

அன்பு மகள் தவமலருக்கு,

கந்தன் காவலில் நான் சுகமாக இருக்கிறேன். உன் சுகத்தை இரண்டாவது வரியில் கேட்டுவிட்டு வீட்டுச் செய்திக்குப் போவது என் வழக்கம், இந்த முறை அதைக் கேட்கவே பயமாக இருக்கிறது.

உன் ஈமெயிலை யோகநாதன் மாமா மேரு ஊரில் உள்ள தன் ஆபீஸில் அச்செடுத்து, ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயிலில் கொண்டுவந்து தந்தான். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறாய். "ஆய்வுக்கூடத்துக்கு மூன்று மாதம் போகமாட்டேன், வீட்டில்தான் இருப்பேன், கவலை வேண்டாம்" என்பதெல்லாம் சரி. அடுத்த வரியில் வி, ஏ, எல், ஐ என்று நான்கு எழுத்தைப் போட்டு, வேறு அது இல்லை என்கிறாயே, நான் எப்படிப் படிப்பது? வேறு வழி இல்லையா, வேறு வலி இல்லையா? வேறு வலி இல்லையென்றால் ஒரு வலி இருக்கிறது என்றுதானே பொருள்? மாமா சிரிக்கிறான். "வழிதான் லா அக்கா, உயிரியல் படித்தவங்களுக்குக் கணக்கும் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டில் சொல்லித் தராங்களாம், அதைப் படிக்காவிட்டால் வேலை நிலைக்காதாம். கான்வென்டில் படித்த உங்களுக்கு நாலு எழுத்து வாசிக்க வரலையா?" என்கிறான். அவனுக்கென்ன. உன் அப்பாவும் தன் வலியை வெறும் வாயு என்றுதான் கடைசி நான்கு மாதமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் படிவத்தில் கணக்குப் புத்தகத்தைக் கண்டாலே அழுதவள் நீ. முப்பத்தேழு வயதில் நீயாக அதைத் தேடிப் போவாய் என்று எப்படி நம்புவேன்? திங்கட்கிழமை டெலிபோன் செய்தேன். உன்னோடு இருக்கும் பெண் எடுத்து, நீ படுத்திருக்கிறாய் என்றாள். அங்கே அப்போது பிற்பகல் மூன்று மணி. பகலில் படுக்கிற பிள்ளையா நீ?

நீ சேர்த்து அனுப்பிய பாடத்தையும் பார்த்தேன். நுளம்பு முட்டையில் எத்தனை பங்கு புழுவாகும், புழுவில் எத்தனை பங்கு கொசுவாகிப் பிழைக்கும் என்ற கணக்கு. பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், மூன்றாம் வரிவரை விடை சரியாக வந்தது. அதற்குமேல் 'பிழைக்கும்' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டு கணக்கைத் தொடர முடியவில்லை. படிப்பது உண்மையானால் ஒவ்வொரு படியையும் தாளில் எழுதிப் போடு, மெஷின் சொன்ன விடையை அப்படியே நம்பாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

இத்துடன் ஒரு வெள்ளைத்தாள் வைத்திருக்கிறேன். 'வழி', 'வலி' என்று இரண்டையும் தமிழில் எழுதியிருக்கிறேன். பொருந்தாததை அடித்துவிட்டு, உன் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பு. வழி என்றால், அது எவ்வளவு கடினமானாலும் நான் வாய் திறக்கமாட்டேன். வலி என்றால் உடனே புறப்பட்டு வருவேன், பாஸ்போர்ட்டை நேற்றே புதுப்பிக்கக் கொடுத்துவிட்டேன். என்னைச் சமாதானப்படுத்துவதற்காக மட்டும் எதையும் அடித்துவிடாதே பிள்ளை.

முருகன் உனக்குத் துணை நிற்கட்டும். தாளை மறக்காதே.

உன் அம்மா,
கனகேஸ்வரி சிவகுருநாதன்