வண்டி கவிழவில்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, சித்தப்பா மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நடமாட்டமாகத்தான் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதே மாதிரி இருந்தால் எனக்கு அது போதும். பேத்திக்கு இருமல் நின்றதா இல்லையா என்பதை மட்டும் மறக்காமல் சொல்லு, போன தடவை கேட்டதற்கு நீ பேச்சை மாற்றிவிட்டாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வண்டி கவிழவில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள். உன் சித்தப்பா நடந்ததற்குக் கண் காது மூக்கு எல்லாம் வைத்து உன்னிடம் சொல்லியிருக்கிறார். பிக்கப் குட்டிக்கரணம் போட்டது, அண்ணி ரத்த வெள்ளத்தில் கிடந்தாங்க என்றாராமே. என் முழங்கையில் ஒரு சிராய்ப்பு, ரத்தம் என்று வந்தது அதில்தான். நீ அழுதது தெரிந்ததும் அப்பா அவரைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டார். அதற்கு அவர், “நான் பின்னாடி ஸ்கூட்டர்ல வந்தேன், எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது, நான் என்ன பண்றது” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஒரு நாள் முழுக்க யாரோடும் பேச்சில்லை. போனில் உனக்கு இதைச் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் அழுவாய், நான் பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் கடையில் கண்ணாடி வெட்டுகிற மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் இடது கை விழுந்ததிலிருந்து வண்டியை நான்தான் ஓட்டுகிறேன் என்பது உனக்குத் தெரிந்ததுதான். கண்ணாடி வெட்டுவதை சித்தப்பா பார்த்துக்கொள்கிறார், அப்பா அளவு எடுப்பார், ஏற்றும்போது பக்கத்தில் நின்று சத்தம் போடுவார். ஒரு மாதத்துக்கு முன்னால் கடை வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது ஸ்டியரிங் திடீரென்று கல் மாதிரி ஆகிவிட்டது. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக எண்ணெய் கொட்டிக் கிடக்கிறது. மெக்கானிக் வந்தான், நம் மீசைதான், உன் கல்யாணத்துக்கு வந்தபோது மீசையை எடுத்துவிட்டு வந்து யாருக்கும் அடையாளம் தெரியாமல் நின்றானே, அவன். பவர் ஸ்டியரிங் ஹோஸ் வெடித்துவிட்டது அக்கா என்றான். பம்ப்பிலிருந்து எண்ணெயை அழுத்தத்தோடு ஸ்டியரிங்குக்குக் கொண்டுபோகிற ரப்பர் குழாய் அது. அது இருக்கிறவரை ஒரு விரலால் வண்டியைத் திருப்பலாம், அது போய்விட்டால் முழு பாரத்தையும் நம் கைதான் திருப்ப வேண்டும். புது ஹோஸ் போட்டுக் கொடுத்தான், ஒழுகல் நின்றது, நானும் மறந்துவிட்டேன்.

அன்றைக்குப் பல் டாக்டரின் புது கிளினிக்குக்குக் கண்ணாடிக் கதவுகள் ஏற்றிக்கொண்டு போனோம். கதவுச் சட்டத்தைக் கடைசியாக ஒரு தடவை அளந்து பார்க்க வேண்டும் என்று அப்பாவும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இறக்கத்தில் போகும்போது பம்ப் ஊளையிட ஆரம்பித்தது. அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஓரம் கட்டலாம் என்று நினைப்பதற்குள் வளைவு வந்துவிட்டது, ஸ்டியரிங் இறுகிவிட்டது. வளைவுக்கு நேர் எதிரே பஸ் நிறுத்தம், அதில் நிறையப் பேர் நிற்கிறார்கள். பிரேக் பிடித்தது, அதில் குறையில்லை, ஆனால் பின்னால் அவ்வளவு பாரத்தோடு இறக்கத்தில் போகிற வண்டி பிடித்த இடத்திலா நிற்கும்? நான் இரண்டு கையாலும் இழுக்கிறேன், சக்கரம் கொஞ்சம்தான் திரும்புகிறது. வண்டி அவர்களைப் பார்த்துப் போகிறது. ஒரு அம்மா கையில் பையோடு என்னையே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள், அவள் முகம் இப்போதும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அப்போது அப்பா சீட்டிலிருந்து பாதி எழுந்து, வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார். “இழு, என்கூடச் சேர்ந்து இழு” என்று கத்தினார். இழுத்தோம். சொன்னால் நம்பமாட்டாய், அந்த இடது கையும் வந்தது. விரல் மடங்கவில்லை, மணிக்கட்டை ஸ்டியரிங்குக்குள் கொடுத்து உடம்போடு சாய்த்து இழுத்தார். பிறகு கேட்டால் அது வந்ததே எனக்குத் தெரியாது என்கிறார். நான் பார்த்தேன். வண்டி திரும்பி, நடைபாதை விளிம்பில் ஏறி, ஒரு தையல் கடையின் போர்டை இடித்துக்கொண்டு நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியில் ஒரு கதவு மட்டும் மூலையில் விரிசல் விட்டது. சூடான சைலன்சர் குழாயில் எண்ணெய் பட்டுப் புகை வந்ததால் யாரோ நெருப்பு நெருப்பு என்று கத்த, கூட்டம் வருவதற்குப் பதிலாக ஓடியது, சித்தப்பா வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான். அவர் பார்த்ததெல்லாம் அந்தப் புகையைத்தான், மீதியை அவரே சேர்த்துக்கொண்டார். தையல் கடைக்காரர் தங்கமான மனுஷன், போர்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

பட்டறைக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போனோம். அப்பா மீசையைப் பார்த்ததும் கொதித்துவிட்டார். “என்னடா மட்டமான சரக்கைப் போட்டு என் பொண்டாட்டியைக் கொல்லப் பாத்தியா” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். மீசை பழைய ஹோஸைத் தேடி எடுத்து வந்து புதிதாகக் கிழிந்ததை அதன் பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஒரே இடத்தில் கிழிந்திருந்தன. வெடித்த மாதிரி இல்லை, தேய்ந்து தேய்ந்து கிழிந்த மாதிரி. “அண்ணே, சரக்கு மேல தப்பில்ல, எதுவோ இதைத் தின்னுது” என்றான். என்னை ஏறி உட்காரச் சொல்லி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரில் கிளட்சை லேசாக விட்டு ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொன்னான். கொடுத்தேன். பானெட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒரு அடி பின்னால் போனார். இன்ஜின் அப்படியே ஒரு பக்கம் எகிறியதாம். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற ரப்பர் இருக்கிறதே, மவுண்டிங் என்கிறார்கள், அது அடியில் பிய்ந்து கிடந்தது. நான் வண்டியை எடுக்கும்போதெல்லாம் இன்ஜின் குதித்து, ஹோஸை இழுத்துக்கொண்டுபோய் ஒரு இரும்புத் தகட்டில் தேய்த்திருக்கிறது. மீசை தலையில் அடித்துக்கொண்டான். “கிழிஞ்சதை மாத்துனேன், ஏன் கிழிஞ்சதுன்னு பாக்கலையேக்கா” என்றான், கண் கலங்கிவிட்டது. அப்பா, “சரி விடு, நானும்தான் பாக்கலை” என்றார். மனுஷன் மன்னிப்புக் கேட்கிற அழகு அவ்வளவுதான்.

மவுண்டிங்கும் மாற்றி, ஹோஸும் புதிதாகப் போட்டு, அது எங்கேயும் உரசாமல் கிளாம்ப் வைத்துக் கட்டியாயிற்று. நீ வண்டியை விற்றுவிட்டு இரண்டு பேரும் என்னோடு வந்து இருங்கள் என்று சொன்னாய். ஆசையாகச் சொன்னாய் என்று தெரியும். பயத்திலும் சொன்னாய். வருகிறோம், பேத்தியின் லீவுக்கு வந்து நீ போதும் போதும் என்கிறவரை இருக்கிறோம். ஆனால் வண்டியை விற்கவில்லை கண்ணு. அதற்குக் காரணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

புது ஹோஸ் போட்டால் குழாய்க்குள் காற்று நின்றுவிடும். அதை வெளியேற்ற வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்ப வேண்டும், இன்னொருவர் பம்ப்போடு சேர்ந்த டப்பாவில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மீசை எண்ணெய்க் கேனோடு நின்றான், நான் டார்ச் பிடித்திருந்தேன், சித்தப்பா கோபத்தில் வரவில்லை. “அண்ணே, நீங்க ஏறி உக்காருங்க” என்று மீசை சொல்லிவிட்டான். அவன் யோசித்துச் சொன்னானா, ஆள் இல்லாமல் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அப்பா அந்த டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததில்லை, வண்டியைக் கழுவும்போதுகூட அந்தப் பக்கக் கதவைத் திறக்கமாட்டார். கொஞ்சம் நின்றார். பிறகு ஏறினார். வலது கையால் திருப்பினார், சக்கரம் காற்றில் இருந்ததால் வழுக்கிக்கொண்டு போனது. நாலைந்து சுற்றுக்குப் பிறகு இடது கையைத் தூக்கி ஸ்டியரிங் மேல் வைத்தார். அது நழுவியது, மறுபடி வைத்தார். டப்பாவில் குமிழி நின்றுவிட்டது. மீசை மூடியைப் போட்டுவிட்டு, “அவ்ளோதாண்ணே, இறங்கலாம்” என்றான். அப்பா இறங்கவில்லை. ரோட்டைப் பார்க்கிற மாதிரி நேரே பட்டறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, “இன்னும் காத்து இருக்கிற மாதிரி இருக்கே” என்றார். மீசை என்னைப் பார்த்தான். நான் குனிந்து டப்பாவுக்குள் டார்ச் அடித்தேன். எண்ணெய் அசையாமல் தெளிவாக நின்றது. “ஆமா, நிறைய வருது, நீங்க திருப்புங்க” என்றேன். மீசை மூடியை மறுபடி கழற்றினான்.

டாக்டரிடம் கேட்காமல் ரோட்டில் ஓட்டவிட மாட்டேன், அதற்காகவும் நீ பயப்படாதே. கைக்குப் பயிற்சி கொடுக்கிற அந்தப் பெண்ணிடம், ரப்பர் பந்தெல்லாம் வேண்டாம், வேறு ஏதாவது கஷ்டமானதாகச் சொல்லு என்று அவராகவே கேட்டிருக்கிறார்.

நீயும் பேத்தியும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். உன் காரை நிறுத்துகிற இடத்தில் தரையில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று காலையில் குனிந்து பார், அவசரத்தில் ஏறிப் போய்விடாதே. சித்தப்பாவுக்கு ஒரு போன் போட்டுப் பேசு, உன்னிடம் பேசினால்தான் அவர் கோபம் போகும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா